கரவன் வாங்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். மழை இன்னும் தொடங்கவில்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

நெதர்லாந்தில் ஒருவர் விற்கும் கரவனை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் விடுமுறை வீட்டு வண்டியை, இங்கிலாந்துக்கு வாங்கிக்கொண்டுவர நினைத்து நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை நானும் அம்மாவும் பார்த்தோம். அம்மாவுக்கு அதன் நிறம் பிடித்திருக்கிறது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் பொடி, அதாவது மேற்கூடு, கட்டிப் பிழைத்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது கதவு. அது வலப்பக்கம் இருக்கிறது. நெதர்லாந்தில் வாகனங்கள் தெருவின் வலப்பக்கம் ஓடுவதால் அவர்களுக்கு அது சரி. நீங்களோ எங்களைப் போல இடப்பக்கம் ஓடுகிறவர்கள். தெருவோரம் நிறுத்திக் கதவைத் திறந்தால் பிள்ளைகள் கால் வைப்பது லொறி ஓடும் பக்கத்தில். முகாமிடும் புல்வெளிக்குள் போனபின் கதவு எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். வழியில் நிறுத்தும்போது மட்டும் பிள்ளைகள் ஓடிப்போய் அதைத் திறக்காதபடி பூட்டி வையுங்கள். வண்டி ஓடும்போது கரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பது உங்கள் நாட்டுச் சட்டம் என்பதையும் மூத்தவனிடம் இப்போதே சொல்லிவை. அவன் உள்ளே படுத்துக்கொண்டு வரலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். என்னிடம் தொலைபேசியில் சொன்னான்.

நீ பார்த்திருக்கும் வண்டி எரிபா நிறுவனத்தின் பக் என்ற வகை, அதைப் பற்றித் தேடி வாசித்தேன். எரிக் பாஹெம் என்ற ஜேர்மன் பொறியியலாளரின் பெயரைச் சுருக்கித்தான் எரிபா என்று வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில், செங்குத்தாக மேலெழும் ரொக்கெட் விமானம் ஒன்றை வடிவமைத்தவர் அவர். 1945இல் ஆளை ஏற்றிய முதல் பறப்பிலேயே அந்த விமானம் விழுந்து விமானி இறந்துபோனார். அதே மனிதர் 1957இல் எர்வின் ஹைமர் என்பவரோடு சேர்ந்து விடுமுறை வண்டி கட்டத் தொடங்கியிருக்கிறார். விமானம் கட்டியவரின் கை வண்டியில் தெரிகிறது. உருக்குக் குழாய்களால் கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு, காற்றுக்கு இடறாத உருண்ட முதுகு, நின்ற இடத்தில் தூக்கிவிடக்கூடிய கூரை. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கரவன்கள் பெரும்பாலும் மரச் சட்டத்தின்மேல் தகடு அடித்தவை. நானும் அப்படித்தான் லொறிப் பொடிகள் கட்டினேன். மரச் சட்டத்துக்குள் ஈரம் இறங்கினால் வெளியே தகடு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே சட்டம் தூளாகிவிடும். அந்த வகையில் நீ குழாய்க் கூட்டைத் தேர்ந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கும் தரை ஒட்டுப்பலகைதான், உட்சுவரும் ஒட்டுப்பலகைதான்.

இப்போது அந்தப் படங்களுக்கு வருகிறேன். உள்ளே எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார். அலுமாரிக் கதவு, மேசை, கைப்பிடி எல்லாம் ஐம்பது வருடப் பழசு. தரை விரிப்பு மட்டும் புத்தம் புதிது. ஓரங்களில் வெட்டிய கத்தியின் தடம்கூடத் தெரிகிறது. மற்ற மெத்தைகளையெல்லாம் இருக்கையில் ஒழுங்காக அடுக்கியவர், ஒன்றை மட்டும் பின் ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார். அந்த மெத்தையின் விளிம்புக்கு வெளியே பலகை விரலளவுக்குக் கறுத்திருக்கிறது. வெளியே எடுத்த படத்தில் அதே மூலையைத் தேடிப் பார்த்தேன். தகடுகள் சேரும் இடத்தில் ஓடும் அலுமினியக் கீற்றின் நெடுகிலும் வெள்ளைச் சிலிக்கோன் பூசியிருக்கிறது. திருத்தத் தெரிந்தவன் அப்படிச் செய்யமாட்டான். அவன் கீற்றைக் கழற்றி, காய்ந்த பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்துத் திரும்ப இறுக்குவான். மேலே பூசுவது விற்கிறவனின் வேலை. ஏலத்தில் எடுத்த பழைய பஸ்களுக்குப் புட்டி அடித்துப் பெயின்ற் பூசிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினாலே சத்தம் உண்மையைச் சொல்லிவிடும்.

ஆகவே படத்தை நம்பி முற்பணம் அனுப்பாதே. மருமகனும் நீயும் நேரில் போங்கள், முடிந்தால் மழை பெய்கிற நாளில். தரையை மூலை மூலையாகக் குதிகாலால் மிதித்துப் பார். ஜன்னல்களுக்குக் கீழே பெருவிரலால் அழுத்து. பலகை உள்ளே போனால் அங்கே பலகை இல்லை என்று வைத்துக்கொள். அலுமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார். ஈரமானி என்று சிறு கருவி விற்கிறார்கள், ஒன்று வாங்கிக்கொண்டு போ. கூரையைத் தூக்கச் சொல்லி, அதன் துணியின் மடிப்புகளையும் சுற்றியுள்ள ரப்பரையும் விரலால் தடவிப் பார். பிறகு வண்டிக்குக் கீழே படு. வெட்கப்படாதே. வண்டி கடற்கரை முகாமில் வருடக்கணக்காக நின்றதா என்று கேள். உருக்கும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூத்து, பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். திருகோணமலையில் வளர்ந்த உனக்கு அது தெரியாமல் இராது. நம் வீட்டு முன் கேற்றில் பார்த்ததுதான்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கரவன் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்பதால் பட்டை தேயாமலே ரப்பர் வெடித்துவிடும். பட்டை நன்றாக இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு, புது டயருக்குக் காசு ஒதுக்கு.

எரிவாயு விடயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. பழைய ஜேர்மன் கரவன்களின் அடுப்புகள் 50 மில்லிபார் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. பிற்காலத்தில் வந்தவை 30. அடுப்பில் ஒட்டிய தகட்டில் அது எழுதியிருக்கும். இங்கிலாந்துக் கடையில் விற்கும் ரெகுலேற்றரை அப்படியே கொண்டுபோய் மாட்டாமல், தகுதிபெற்ற ஒருவரிடம் கொடுத்து குழாய் முழுவதையும் சோதிக்கச் செய். குளிர் வருகிறது என்று தரையிலும் கூரையிலும் உள்ள காற்றோட்டத் துவாரங்களைத் துணியால் அடைத்துவிடாதே. காபன் மொனொக்சைட்டு வந்தால் சத்தமிடும் கருவி ஒன்றை உள்ளே பொருத்து. மின்சார வயர்களையும் அதே கையோடு யாரிடமாவது காட்டிவிடு.

பணக் கணக்கு. விற்பவர் சொல்லும் விலையைப் பார்த்து மலிவு என்று எழுதியிருந்தாய். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்தபிறகு, நெதர்லாந்தில் வாங்கிக் கொண்டுவருவது இறக்குமதிதான். வண்டியின் விலையோடு கொண்டுவரும் செலவையும் சேர்த்து, அதன்மேல் பொதுவாக 20 சதவீதம் வட் என்ற பெறுமதி சேர் வரி. அதைவிடச் சுங்கப் பத்திர வேலை, ஹூக் ஒஃப் ஹொலண்ட் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் ஹாரிச்சுக்குக் கப்பல், டயர், எரிவாயுச் சோதனை. எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் மலிவாக இருந்தால் அது மலிவு. பத்திரத்தில் உள்ள செசி (அடிச்சட்ட) இலக்கமும் வண்டியில் அடித்திருக்கும் இலக்கமும் ஒன்றுதானா என்று உன் கண்ணால் பார்த்த பின்பு காசைக் கொடு. இங்கிலாந்தில் கரவனுக்குத் தனிப் பதிவு இலக்கம் கிடையாது, இழுக்கும் காரின் இலக்கத்தையே பின்னால் மாட்ட வேண்டும் என்று மருமகன் சொன்னார். அப்படியானால் வண்டி உன்னுடையது என்று காட்ட உன் கையில் இருக்கப்போவது அந்தப் பழைய பத்திரமும் விற்பனைச் சீட்டும்தான். பத்திரமாக வை.

இழுப்பதைப் பற்றியும் கேட்டிருந்தாய். 2021 டிசம்பர் 16இலிருந்து சாதாரண கார் அனுமதிப்பத்திரத்தோடே 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று அங்கே சட்டத்தை மாற்றிவிட்டார்கள், ஆகவே தனிப் பரீட்சை இல்லை. அதனால்தான் எனக்குப் பயம். பரீட்சை இல்லையென்றால் யாரும் பழகுவதில்லை. கிண்ணியாவில் 2009இல் பாலம் திறப்பதற்கு முன் பாதை என்று நாம் சொல்லும் மிதவையில் ஏற்றித்தான் வாகனங்களை அக்கரைக்குக் கடத்தினோம். உழவு இயந்திரத்தைப் பெட்டியோடு பின்னுக்கு எடுக்கும்போது, பெட்டி இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை முதலில் வலப்பக்கம் திருப்ப வேண்டும். வாயால் சொல்ல இலகு. அவசரப்பட்டுத் திருப்பிப் பெட்டியை மடித்துக்கொண்டவர்களைப் பார்த்துக் கரையில் நின்றவர்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில் ஞாயிறு காலையில் போய்ப் பழகுங்கள், இருவரும். பாரத்தை அச்சுக்கு மேலே வை. பின்பக்கம் கனத்தால் வண்டி வாலை ஆட்டும், ஆட ஆட காரையும் சேர்த்து இழுக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைலுக்கு மேல் உங்களுக்கு அனுமதி இல்லை. நீ 50இல் போ, பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிக்கட்டும்.

இனி அம்மா சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "தகரக் கொட்டிலில் நாம் படுத்தது போதாதா? இப்போது இவர்கள் காசு கொடுத்துத் தகரப் பெட்டிக்குள் படுக்கப் போகிறார்களா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அகதி முகாமில் அந்தத் தகரத்தின் வெக்கையை நீயும் அனுபவித்தவள்தான். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். நீங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் நிலாவெளி நமக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவில்தான் இருந்தது, ஆனால் விடுமுறை என்று உங்களை அங்கே கூட்டிப்போக முடிந்ததா? சோதனைச் சாவடியில் இறங்கி, நடந்து, அடையாள அட்டை காட்டி, இருட்டுவதற்குள் திரும்பி வரவேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் வேறு வழியில்லாமல் ஒதுங்கியது ஒன்று. விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்தித் தேநீர் வைத்துக் குடிப்பது வேறொன்று. ஆகவே அப்பாவின் விருப்பம் நீங்கள் வாங்க வேண்டும் என்பதே. அம்மாவும் தடுக்கவில்லை.

இந்த வண்டியைத்தான் வேண்டாம் என்கிறேன். ஈரம் ஒரு காரணம் என்றால், பக் மிகச் சிறியது என்பது அதைவிடப் பெரிய காரணம். இரண்டு பெரியவர்களும் ஒரு சின்னப் பிள்ளையும் படுக்கலாம். நீங்கள் நான்கு பேர், மூத்தவன் உயர்ந்துகொண்டே போகிறான். அதே நிறுவனத்தின் ஃபமிலியாவும் ட்ரைற்றனும் அளவில் கூடியவை. உங்கள் கார் இழுக்கக்கூடிய எடையை முதலில் பார்த்துவிட்டு அவற்றில் ஒன்றைத் தேடுங்கள். கிடைத்ததும் அந்த மூலைகளின் படங்களை எனக்கு அனுப்பு. நிறம் தெரிகிற படம் அம்மாவுக்கு.

திரைச்சீலை தானே தைத்து அனுப்புவதாக அம்மா சொல்கிறாள். மருதமுனைக் கைத்தறித் துணி எடுத்து வைத்திருக்கிறாள். வண்டி முடிவானதும் ஜன்னல்களின் அகல உயரத்தை அங்குலத்தில் எழுதி அனுப்பு. சென்ரிமீற்றரில் அனுப்பினால் எனக்குத்தான் கணக்கு வேலை.

அன்புடன்
அப்பா
திருகோணமலை