36 வாரத்தில் முடியாத ‘36 வார இயற்கணிதம்’: திருத்தமும் இழப்பீடும் கோரி ஒரு புகார்

அனுப்புநர்:
இயற்கணிதம் முதல் நிலை முழுத் தொகுப்பை வாங்கிய வாடிக்கையாளர்
(ரசீது நகல் இணைப்பில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நகல்: பாடத்திட்டக் குழுவின் தலைமை ஆசிரியர்

பொருள்: ஹோம்ஸ்கூலிங் மாணவர்களுக்கான இயற்கணிதத் தொகுப்பின் கால அட்டவணை, நிலைத் தேர்வு, தானியங்கித் திருத்தம், விடைக்குறிப்பு ஆகியவற்றில் உள்ள குறைகள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வீட்டிலேயே படிக்கும் 14 வயது மகளுக்காக உங்கள் தொகுப்பை வாங்கினேன். பாடநூல், பயிற்சி நூல், ஆசிரியர் கையேடு, ஓராண்டு இணைய உரிமம் எல்லாம் சேர்ந்தது. அட்டையிலும் கையேட்டின் முதல் பக்கத்திலும் ‘வாரம் 5 நாள், நாளுக்கு 45 நிமிடம், 36 வாரத்தில் முழு இயற்கணிதம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதம் முக்கியமாக அந்த ஒரு வரியைப் பற்றியது. (கீழே வரும் கணக்குகளில் மாறியை ‘ய’ என்று எழுதியிருக்கிறேன்.)

முதலில் நாட்களைக் கூட்டிப் பாருங்கள். 36 வாரம், வாரம் 5 நாள் என்றால் 180 நாள். தொகுப்பில் 152 பாடங்கள். 14 அத்தியாயங்களுக்கும் தலா ஒரு தேர்வு, அதற்கு முன் தலா ஒரு மீள்பார்வை நாள், போதாதற்கு 4 காலாண்டுத் தேர்வுகள். மொத்தம் 184. ஒரு நாள்கூடக் காய்ச்சலில் படுக்காமல், ஒரு பாடத்தைக்கூட இரண்டாம் முறை பார்க்காமல் ஓடினாலும் 4 நாள் இடிக்கிறது. ஆனால் உங்கள் கையேடே, அத்தியாயத் தேர்வில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பாடங்களைத் திரும்பப் படித்து மாற்றுத் தேர்வு எழுதச் சொல்கிறது. நல்ல விதிதான். அதற்கான நாள் மட்டும் அட்டவணையில் எங்கும் இல்லை. 14 அத்தியாயங்களில் ஐந்தில் இப்படி நேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 3 நாள் போனால் 199 நாள் ஆகிவிடும். ஏறக்குறைய 40 வாரம். இயற்கணிதம் எழுதும் நிறுவனம் இந்தக் கூட்டலைச் செய்து பார்க்கவில்லை என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

45 நிமிடமும் இதே கதைதான். ஒரு பாடத்துக்கு 12 முதல் 18 நிமிடக் காணொளி, பிறகு எடுத்துக்காட்டுகள், பிறகு 30 கணக்குகள். தொடக்க அத்தியாயங்களில் ஒரு கணக்குக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். காரணிப்படுத்தலுக்கு (ஒரு கோவையைப் பெருக்கலாகப் பிரித்து எழுதுவது) வந்துவிட்டால் ஒவ்வொன்றும் 2 முதல் 4 நிமிடம் எடுக்கும். சராசரி 3 நிமிடம் என்றாலே கணக்குகளுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். தவறியவற்றைத் திருத்தும் நேரம் இதில் சேரவில்லை. ‘நேரம் போதாவிட்டால் ஒற்றை எண் கணக்குகளை மட்டும் செய்யவும்’ என்று ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. பல நூல்களில் இது செல்லுபடியாகும் யோசனை. ஒற்றையும் இரட்டையும் ஒரே கடினத்தில் இணையிணையாக எழுதப்பட்ட பயிற்சியில்தான் அது செல்லும். உங்கள் பயிற்சி நூலில் கழித்தல் குறியோடு வரும் கெழுக்களும் (மாறியின் முன் நிற்கும் எண்கள்) பின்னங்களும் பெரும்பாலும் இரட்டை எண்களில்தான் விழுகின்றன. வார்த்தைக் கணக்குகளோ 25க்கு மேல் மட்டுமே. ஒற்றை எண்களை மட்டும் செய்யும் பிள்ளை எளிய பாதியைச் செய்துவிட்டுத் தேர்வுக்குப் போகிறது.

இதைவிடப் பெரிய குறை, எங்கே வேகமாகப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற கணிப்பு தலைகீழாக இருப்பது. முதல் 4 அத்தியாயங்கள், அதாவது 40 பாடங்கள், முழு எண்கள், பின்னங்கள், செயல்களின் வரிசை. உங்கள் முந்தைய நிலை நூலில் ஏற்கெனவே வந்தவை. காரணிப்படுத்தலுக்கு (அத்தியாயம் 10) ஒதுக்கியிருப்பதோ 113 முதல் 118 வரை வெறும் 6 பாடங்கள். பொதுக் காரணி, வர்க்கங்களின் வேறுபாடு, தலைக்கெழு (ய²இன் கெழு) 1 ஆன மூவுறுப்புக்கோவை, தலைக்கெழு 1 அல்லாதது, குழுவாக்கல், கலப்புப் பயிற்சி, தலைக்கு ஒரு நாள். இருபடிச் சமன்பாடும் விகிதமுறு கோவைகளும் இந்த ஆறு நாட்களின் மேல்தான் நிற்கின்றன. இங்கே ஆட்டம் கண்டால் அடுத்த மூன்று அத்தியாயங்களும் ஆட்டம் காணும்.

அந்த ஆறிலும் வரிசை தவறு. பாடம் 116 நடு உறுப்பைப் பிரிக்கும் முறையைக் கற்பிக்கிறது. 6ய² + 11ய − 10 என்பதை எடுத்துக்கொள்வோம். 6ஐயும் −10ஐயும் பெருக்கினால் −60. பெருக்கினால் −60, கூட்டினால் 11 வரும் எண்கள் 15, −4. எனவே 6ய² + 15ய − 4ய − 10. இதை 3ய(2ய + 5) − 2(2ய + 5) என்று குழுவாக்கினால்தான் (3ய − 2)(2ய + 5) கிடைக்கும். ஆனால் குழுவாக்கல் பாடம் 117இல் வருகிறது! நேற்றைக்குத் தேவைப்பட்ட கருவி இன்றைக்குக் கையில் தரப்படுகிறது. குறிப்பாக −4ய − 10 என்பதிலிருந்து −2ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே குறி மாறும் இடம், குழுவாக்கலைத் தனியே பழகாத எவரும் தடுமாறும் இடம். 116ஐயும் 117ஐயும் இடம் மாற்றி அச்சிடுங்கள். அத்தியாயம் 11இலும் இதே நோய்: இருபடிச் சமன்பாட்டின் சூத்திரம் பாடம் 121இல் வந்துவிடுகிறது, அது பிறக்கும் வர்க்கப்பூர்த்தி முறை (ஒரு பக்கத்தை முழு வர்க்கமாக மாற்றுவது) 126இல் வருகிறது.

ஒவ்வொரு பாடத்தின் 30 கணக்குகளும் அன்றைய வகையே என்பதையும் சொல்ல வேண்டும். ‘வர்க்கங்களின் வேறுபாடு’ என்ற தலைப்புக்குக் கீழே 30 வர்க்க வேறுபாடுகள் இருந்தால், மாணவி எந்த முறையைப் பயன்படுத்துவது என்று யோசிக்கவே தேவையில்லை. தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. அங்கே முதல் வேலையே இது எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான். அதைப் பழக ஆறு பாடங்களுக்கு ஒரே ஒரு கலப்பு நாள். புதிய வகையில் 12 முதல் 15 கணக்குகள், பழைய அத்தியாயங்களிலிருந்து கலந்து 8 முதல் 10 என்று வைத்தால் மொத்தமும் குறையும், மறதியும் குறையும்.

இனி நிலைத் தேர்வு. எந்த நிலையை வாங்குவது என்று பெற்றோர் முடிவு செய்வது உங்கள் தளத்தில் உள்ள 20 கேள்வித் தேர்வை நம்பித்தான். அனைத்தும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. 2ய + 7 = 19 என்று கேட்டு நான்கு எண்களைக் கொடுத்தால், சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியாத பிள்ளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து 6ஐக் கண்டுபிடித்துவிடும். அது இயற்கணிதம் அல்ல, பெருக்கல் வாய்ப்பாடு. அடுத்த நிலைக்குத் தயாரா என்று அறிய, விருப்பத்தேர்வு இல்லாத, வழிமுறையோடு எழுத வேண்டிய பத்துக் கேள்விகள் போதும். −3²க்கும் (−3)²க்கும் மதிப்பு கேளுங்கள். இரண்டுக்கும் 9 என்றால் அடுக்கு புரியவில்லை. 5 − 2(ய − 4)ஐச் சுருக்கச் சொல்லுங்கள். 13 − 2யக்குப் பதிலாக −3 − 2ய என்று வந்தால் கழித்தல் குறி அடைப்புக்குள் முழுதும் போகவில்லை என்று பொருள். (2/3)ய − 1/4 = 5/6ஐத் தீர்க்கச் சொல்லுங்கள்; 13/8க்கு வந்து சேரும் வழியில் பின்னத்தில் எங்கே ஓட்டை என்பது வெளியே வந்துவிடும். உங்கள் 20 கேள்விகளில் பின்னக் கெழு ஒன்றுகூட இல்லை. தேர்வு எழுதிய எல்லோரையும் ‘தயார்’ என்று சொல்வது விற்பனைக்கு நல்லதாக இருக்கலாம்.

தானியங்கித் திருத்தம் இந்தக் குறையை மேலும் மூடி மறைக்கிறது. இணையத் தேர்வில் நான்கு விடைகளுக்கு மூன்று முயற்சிகள் அனுமதி, மூன்றாவதில் சரியானாலும் முழு மதிப்பெண். அதாவது கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலே 75 விழுக்காடு எதிர்பார்க்கலாம். 20 கேள்வித் தேர்வில் 4 மட்டும் தெரிந்து, மீதி 16ஐ ஊகித்தால், 4 + 12 = 16. அது 80 விழுக்காடு, தேர்ச்சி! பெற்றோர் பார்க்கும் அறிக்கையில் பச்சை நிறம் மட்டுமே தெரியும். மறுபக்கம், விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் −0.5 என்பது விடையானால் −1/2 தவறாம். (3ய − 2)(2ய + 5) என்பதற்கு (2ய + 5)(3ய − 2) தவறாம். சரியாகச் செய்தவளுக்குச் சிவப்பு, ஊகித்தவளுக்குப் பச்சை. ஒவ்வொரு விடைக்கும் திரையில் குதித்துக் கைதட்டும் அந்த அணில் குட்டியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஆசிரியர் கையேட்டின் விடைப் பிழைகளை இணைப்பில் பாட எண்ணோடு கொடுத்திருக்கிறேன். மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன், ஏனெனில் இவை அச்சுப் பிழைகள் போலத் தெரியவில்லை. பாடம் 58இல் −ய/3 > 4 என்பதற்கு ய > −12 என்று விடை. கழித்தல் எண்ணால் பெருக்கும்போது அசமன்பாட்டின் குறி திரும்ப வேண்டும், விடை ய < −12. பூஜ்யத்தைப் போட்டாலே 0 > 4 என்று உடைந்துவிடுகிறது. பாடம் 87இல் 20% கரைசலையும் 50% கரைசலையும் கலந்து 30% கரைசல் 12 லிட்டர் செய்ய வேண்டும். சரியான விடை 20% இல் 8 லிட்டர், 50% இல் 4 லிட்டர். கையேட்டில் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன, அப்படிக் கலந்தால் 40% கரைசல்தான் வரும். பாடம் 134இல் √(ய + 6) = ய என்பதற்கு 3, −2 என இரு விடைகள். −2ஐப் போட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. இருபுறமும் வர்க்கப்படுத்தும்போது இப்படிப் பொய்த் தீர்வு நுழையும், ஆகவே கடைசியில் போட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்பதுதான் அந்தப் பாடத்தின் மையக் கருத்து. கையேடே அதைத் தவறவிட்டால் வீட்டில் கணக்கு ஆசிரியர் இல்லாத பெற்றோர் என்ன செய்வார்கள்? இரட்டை எண் கணக்குகளுக்கு விடையே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நல்லதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வரைபடம், சாய்வு பற்றிய அத்தியாயம் 7 அருமை. அட்டவணையில் தொடங்கி, மாறும் வீதத்தைக் காட்டி, அதன் பிறகே சூத்திரத்துக்கு வருகிறது. அதை எழுதியவரிடம் அத்தியாயம் 10ஐக் கொடுத்திருக்கலாம்.

திருப்பிக் கொடுக்கும் கெடுவைப் பற்றி: 30 நாள் என்கிறீர்கள். உங்கள் அட்டவணைப்படி நடந்தால் அந்த 30 நாளும் முதல் 4 அத்தியாய மீள்பார்வைக்குள்ளேயே முடிந்துவிடும். புதிய இயற்கணிதம் தொடங்கும் பாடம் 41ஐத் தொடுவதற்கு முன்பே கெடு தீர்ந்துவிடுகிறது. தொகுப்பு பிள்ளைக்குப் பொருந்துமா என்று எந்த வீட்டிலும் தெரிந்துகொள்ள வழியில்லை. இணைய உரிமமும் முதல் உள்நுழைவு நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறது, முடிந்ததும் மதிப்பெண் பதிவேடு அழிந்துவிடுகிறது. வீட்டுக் கல்வியில் அந்தப் பதிவேடுதான் கையில் இருக்கும் ஒரே சான்று.

நேர்மையான அட்டவணை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அத்தியாயம் 1 முதல் 4 வரை, தேர்வை முதலில் எழுதி, தவறிய பாடங்களை மட்டும் படிக்கும்படி வைத்தால் 40 பாடம் 15 நாளில் முடியும். 184இல் 25 குறைந்து 159. அத்தியாயம் 10 முதல் 13 வரை உள்ள 33 பாடங்களுக்கும் தலா இரண்டு நாள் கொடுங்கள், முதல் நாள் காணொளியும் பாதிக் கணக்கும், மறுநாள் மீதியும் திருத்தமும். 192 ஆகும். மறுதேர்வுகளுக்கு 15 நாள் சேர்த்தால் 207. அதாவது 42 வாரம். பின்னத்திலும் கழித்தல் குறியிலும் உறுதியாக உள்ள பிள்ளைக்கே இது. அப்படி இல்லாதவர்களுக்கு முந்தைய நிலைதான் சரி, வேகத்தைக் குறைப்பது தீர்வாகாது. அட்டையில் 42 என்று போட்டால் யாரும் வாங்காமல் போய்விட மாட்டார்கள்.

என் கோரிக்கைகள்: எங்கள் உரிமத்தை 6 மாதம் கட்டணமின்றி நீட்டித்து, பதிவேட்டைத் தரவிறக்கம் செய்ய வசதி தர வேண்டும். எல்லாக் கணக்குகளுக்கும் வழிமுறையோடு கூடிய விடைக் கையேட்டையும் பிழைதிருத்தப் பட்டியலையும், எனக்கு மட்டுமல்ல, இந்தப் பதிப்பை வாங்கிய அனைவருக்கும் அனுப்ப வேண்டும். தேர்வுகளில் முயற்சியை ஒன்றாக்கி, சமமான வடிவில் உள்ள விடைகளையும் சரியென ஏற்க வேண்டும். இவற்றைச் செய்ய இயலாது என்றால், 30 நாள் கெடுவைக் காரணம் காட்டாமல் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும்.

‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற தானியங்கி மின்னஞ்சல் ஏற்கெனவே வந்துவிட்டது. கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், பாடத்திட்டக் குழுவில் உள்ள ஒருவரிடமிருந்து எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பாட எண் வாரியாக விடைப் பிழைப் பட்டியல், சரியான விடை நிராகரிக்கப்பட்ட திரைப் படங்கள்.