எடைக்குப் போடும் முன் எங்களைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் கலைக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் இரண்டு வரிகள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. ஒரே படத்தைப் பத்துப் பதினைந்து அச்செடுத்து ஒவ்வொன்றுக்கும் தனி விலை வைக்கிறார்கள் என்பது ஒன்று. பிள்ளைகள் போதிய தயாரிப்பு இல்லாமல் அவசர அவசரமாகக் கண்காட்சி வைக்கிறார்கள் என்பது இன்னொன்று. நான் சென்னையில் இல்லஸ்ட்ரேஷன் படிக்கும் இறுதியாண்டு மாணவி. என் வேலை முழுக்க பிரிண்ட்மேக்கிங்தான், அதாவது பலகையில் செதுக்கிக் கையால் அச்செடுப்பது, இப்போதும் நண்பர்களோடு சேர்ந்து வைக்கப்போகும் ஒரு கண்காட்சிக்கான வேலையில்தான் இருக்கிறேன். தயாரிப்பு என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிட்டு, உங்கள் வாசகர்களிடம் ஒரு உதவியும் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மணப்பாறை. எங்கள் ஊர் மாட்டுச் சந்தையை வைத்து, எழுத்தே இல்லாமல் படங்களால் மட்டும் நகரும் ஒரு சின்னப் புத்தகம் செய்கிறேன், அந்தப் படங்களைத்தான் சுவரிலும் மாட்டப்போகிறேன். எல்லாம் லினோவில் செதுக்கியவை. லினோ என்பது ரப்பர் இல்லை, பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் கலந்து சணல் துணி மேல் படியவைத்த விரிப்பு அது, ஒரு காலத்தில் வீட்டுத் தரையில் போட்டது. கொஞ்சம் வெயிலில் காட்டினால் இளகிவிடும், உளி வழுக்கிக்கொண்டு ஓடும். குளிர்ந்திருந்தால் பொடிப்பொடியாக உதிரும். எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி வரைய வேண்டும், ஏனென்றால் அச்சில் திரும்பித்தான் விழும். சந்தையில் ஒரு டீக்கடை, கடைக்கு ஒரு போர்டு இருக்கிறது என்றால், அந்த எழுத்தையெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் திருப்பிச் செதுக்க வேண்டும். 'ழ'வின் கால் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பலகை மேல் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள், தெரியும்.

இதில் நான் செய்வது ஒரே பலகையிலேயே பல நிறம் எடுக்கும் முறை. தாளின் வெள்ளை எங்கெல்லாம் நிற்க வேண்டுமோ அதை முதலில் செதுக்கி எடுத்துவிடுவோம். பிறகு வெளிர் மஞ்சள் உருட்டி, வைத்திருக்கும் எல்லாத் தாளிலும் அச்சு போடுவோம். காய்ந்ததும், மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடங்களை அதே பலகையில் செதுக்கி நீக்கிவிட்டு அடுத்து செம்மண் நிறம், அதற்கு மேல் கடைசியாக மாட்டு நிழலுக்கும் கொம்புக்கும் கருநீலம். பலகை ஒவ்வொரு நிறத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வரும். கடைசி நிறம் அடித்து முடிக்கும்போது முந்தைய நிலைகள் எதுவும் மிச்சம் இருக்காது, திரும்பிப் போய் இன்னும் இரண்டு அடித்துத் தருகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் ஆரம்பத்திலேயே எத்தனை வேண்டும் என்று முடிவு செய்து, கெட்டுப்போகிறதுக்கும் சேர்த்துக் கூடுதலாகத் தாள் வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். நிறத்துக்கு நிறம் இம்மி நகர்ந்தாலும் மாட்டுக்கு இரண்டு முதுகு வந்துவிடும்.

இங்க் விஷயத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. கண்ணாடிப் பலகை மேல் ரோலரை ஓட்டும்போது அது பேசும். இங்க் அதிகமானால் சளக் சளக் என்று ஈரச் சத்தம், குறைந்தால் சத்தமே இருக்காது, சரியாக இருந்தால் மெல்லிய, விடாத ஒரு சீறல். எங்கள் ஸ்டூடியோவில் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை வைத்தே இன்னும் கொஞ்சம் எடு, போதும் என்று சொல்லிவிடுவார்கள். இங்க் எண்ணெய் கலந்தது, தண்ணீர் வற்றுகிற மாதிரி வற்றாது, காற்றோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறுகும். ஐப்பசி கார்த்திகை மழையில் சென்னையில் அது காய்வதற்குள் பொறுமை போய்விடும். ஈரக்காற்றில் தாளும் லேசாக விரியும், நேற்று சரியாக உட்கார்ந்த நிறம் இன்று ஓரத்தில் தள்ளி நிற்கும். கண்காட்சி தேதி குறித்தாகிவிட்டது, அழைப்பிதழ் போயாச்சு, தாள் மட்டும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். அவசரம் என்று அந்தக் கட்டுரையாளர் சொன்னது ஒருவேளை இந்தக் கடைசி வாரத்தைப் பார்த்துத்தானோ என்னவோ.

அச்செடுத்து முடிந்ததும் எல்லாத் தாளையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததைக் கழித்துவிட்டு, நல்லதாகத் தேறியதில் மட்டும் அடியில் பென்சிலால் எண் போடுவோம். 3/15 என்றால் பதினைந்தில் மூன்றாவது. நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. இதைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, இதோட ஒரிஜினல் எங்கே இருக்கு?" என்று கேட்காதவர் இல்லை. பதினைந்துமே ஒரிஜினல்தான். பெயிண்டிங்கை ஸ்கேன் செய்து பிரிண்டரில் எடுத்தது இல்லை, ஒவ்வொரு தாளும் கையால் இங்க் உருட்டி, கையால் வைத்து, கையால் எடுத்தது. ஒரே படத்துக்கு ஏன் இத்தனை விலை என்று கேட்பதைவிட, ஒரு ஓவியத்துக்கு வைக்கிற விலையைப் பதினைந்து பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று பார்க்கலாம். 1943 வங்கப் பஞ்சத்தை நேரில் பார்த்து வரைந்த சித்தப்ரசாத் பிறகு லினோவிலும் மரத்திலும் அவ்வளவு செதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகத்தான் இருக்க வேண்டும். பணக்காரர் வீட்டு ஹாலில் மட்டும் இல்லாமல் நாலு பேர் கைக்குப் போகிற படம் இது.

அப்புறம் ஃப்ரேம். நாங்கள் விசாரித்த ஒரு அரங்கில் கண்ணாடி போட்ட ஃப்ரேம் இல்லாமல் காகித வேலை எதையும் மாட்டக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பயம் புரிகிறது, வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். ஆனால் தாள் கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி விட மவுண்ட் போர்டு வேண்டும், பின்னால் சாதாரண அட்டை வைத்தால் நாளாவட்டத்தில் தாள் பழுப்பேறும், அதனால் அமிலமில்லாத அட்டை வேண்டும், இதெல்லாம் சேர்ந்தால் படத்துக்கு ஆன செலவை ஃப்ரேம் தாண்டிவிடுகிறது. அந்தப் பணத்துக்குப் புதுச்சேரி கைமுறைத் தாளோ கனமான 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளோ வாங்கினால் இன்னொரு படத்தையே முழுசாக அச்செடுத்துவிடலாம். மாணவர் கண்காட்சிக்காவது கிளிப்பிலோ காந்தத்திலோ தொங்கவிட அனுமதித்தால் நன்றாக இருக்கும். லினோ அச்சில் இங்க் தாளின் மேல் எழும்பி நிற்பதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், கண்ணாடி போட்டால் அங்கே டியூப்லைட்தான் தெரிகிறது.

இதெல்லாம்கூடச் சமாளிக்கக்கூடியதுதான். நிஜமான சிக்கல் வேறு. பெயிண்டிங் படித்தவர் கல்லூரி முடிந்த மறுநாள் தூரிகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் வரையலாம். நாங்கள் அச்செந்திரத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. எட்சிங் என்றால் உலோகத் தகட்டை ஆசிட்டில் அரித்து அச்செடுப்பது. எட்சிங் பிரஸ் என்பது கனமான இரண்டு இரும்பு உருளைகளும் ஒரு படுக்கையும் உள்ள சாதனம், நாலு பேர் சேர்ந்தாலும் அசையாது, புதிதாக வாங்குவது எங்கள் யாருக்கும் கட்டுப்படியாகாது. லினோவைக் கையாலும் எடுக்கலாம், நானே வீட்டில் எவர்சில்வர் குழிக்கரண்டியின் முதுகை வைத்துத் தேய்த்து எடுத்திருக்கிறேன், உள்ளங்கை அளவு படத்துக்குச் சரி. அகலமான கருநீலப் பரப்பைக் கரண்டியால் தேய்த்து ஒரே சீராக விழவைக்க வேண்டும் என்றால் தோள்பட்டை கழன்றுவிடும். எங்கள் சீனியர்கள் பலர் படிக்கும்போது பிரமாதமாக எட்சிங் செய்தவர்கள், இப்போது அனிமேஷன் கம்பெனிகளில் டேப்லெட்டில் வரைகிறார்கள். அது கௌரவக் குறைவு என்று சொல்லவில்லை, சம்பளம் வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு அச்செடுக்கலாம் என்றால் இடம் இல்லை.

இத்தனைக்கும் இது இங்கே வேர் பிடிக்காத கலையும் இல்லை. சென்னை கலைக் கல்லூரியை அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியது 1850-ல். ஒரே பிளேட்டில் பல நிறங்களை ஒரே தடவையில் அச்செடுக்கும் முறையைப் பாரிஸில் ஹெய்டர் என்ற அச்சுக் கலைஞரின் பட்டறையில் வளர்த்தெடுத்து உலகம் முழுக்கப் பேர் வாங்கிய கிருஷ்ணா ரெட்டி சித்தூர்ப் பக்கத்து ஊரில் 1925-ல் பிறந்தவர், வெளிநாடு போவதற்கு முன் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர். எண்ணெய் கூடிய இங்க்கும் குறைந்த இங்க்கும் ஒன்றோடொன்று ஒட்டாது என்பதையும், மெத்தென்ற ரோலர் பிளேட்டின் பள்ளத்துக்குள் இறங்கும், கெட்டியான ரோலர் மேட்டில் மட்டும் தொடும் என்பதையும் வைத்துக்கொண்டு அவர் செய்தது கிட்டத்தட்ட விஞ்ஞானம். கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாதெமி மையத்தில் அச்சுக்கலைக் கூடம் இருக்கிறது, சென்னையில் இருப்பவர்களுக்கு அது பெரிய துணை. மணப்பாறைக்கோ பொள்ளாச்சிக்கோ திரும்பிப் போகிறவர்கள் என்ன செய்வது?

இங்கேதான் உங்கள் வாசகர்கள் வருகிறார்கள். ஊருக்கு ஊர் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் பில் புக்கும் அடித்துக்கொண்டிருந்த ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடிக்கும் பழைய லெட்டர்பிரஸ் அச்சகங்கள் கம்ப்யூட்டரும் ஆஃப்செட்டும் வந்ததும் மூடிவிட்டன. அவற்றில் பலவற்றின் பின்கட்டில் காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் மெஷினும், பக்கம் கோத்ததும் பிழை பார்க்க ஒரு பிரதி எடுக்கும் ப்ரூஃப் பிரஸ்ஸும், பைண்டிங் செய்ய உதவும் திருகு பிரஸ்ஸும் இன்னமும் தூசி படிந்து கிடக்கின்றன. கிடப்பதில் அவ்வப்போது ஒன்று காயலான் கடைக்குப் போகிறது, இரும்பு விலைக்கு. எங்களுக்கு அந்த ப்ரூஃப் பிரஸ் தங்கம். ஈய எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அந்த உயரத்துக்குத்தான் அந்த மெஷின்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. லினோவை ஒட்டுப்பலகை மேல் ஒட்டி அதே உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும், உருளை மேலே ஓடும்போது படம் அப்படியே தாளில் இறங்கும். கரண்டியும் வேண்டாம், தோள்வலியும் வேண்டாம். மின்சாரம்கூட வேண்டாம், கையால் தள்ளுவதுதான். சின்னப் படங்களுக்குத் திருகு பிரஸ்ஸே போதும்.

எங்கே வைப்பது? மாவட்ட மைய நூலகங்களில் ஒரு அறை போதும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள், புத்தகம் எப்படி அச்சானது என்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டவும் ஒரு மெஷின் உதவும். பகலில் அவர்களுக்கு, மாலையிலும் விடுமுறை நாளிலும் எங்களுக்கு. ஆசிட் வேலை அங்கே வேண்டாம், அதற்குப் புகை போக வழியும் தனி அறையும் கட்டாயம், அது கல்லூரியோடு இருக்கட்டும். லினோவும் மரமும் மட்டும் செய்தால் நெடி வருவது துடைக்கிற மண்ணெண்ணெயில்தான், அதற்குப் பதில் சமையல் எண்ணெய் ஊற்றித் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டாலும் இங்க் போய்விடும், கொஞ்சம் நேரம் பிடிக்கும் அவ்வளவுதான்.

யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று ஒரு கேள்வி வரும். அந்த மெஷின்களில் காலம் முழுக்க வேலை செய்த, எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்களும் மெஷின்மேன்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், வயதானவர்கள்தான். எங்கள் ஊரில் அப்படி ஒரு தாத்தாவிடம் என் அச்சு ஒன்றைக் காட்டினேன். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இடது மூலையில அழுத்தம் குறைவு, அடியில ஒரு டிஷ்யூ பேப்பர் ஒட்டு" என்றார். அடியில் காகிதத் துண்டு ஒட்டி அழுத்தத்தைச் சமன் செய்வதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் சொன்னதை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. இவர்களுக்கு ஒரு மதிப்பூதியம் கொடுத்து வாரம் இரண்டு மாலை வரச்சொன்னால் வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். இதற்கு அரசாணை, டெண்டர் என்று போனால் நான் பாட்டியாகிவிடுவேன், முதலில் ஏதாவது ஒரு நூலகத்தில் ஒரு மெஷினோடு ஆரம்பித்துப் பார்க்கலாம்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்க இடம் இருந்தால் இந்தப் பத்தியை மட்டும் வெட்டாமல் போடுங்கள், மற்றதைச் சுருக்கினாலும் பரவாயில்லை. வீட்டிலோ மூடிய அச்சகத்திலோ ப்ரூஃப் பிரஸ்ஸோ திருகு பிரஸ்ஸோ வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போடுவதற்கு முன் பக்கத்தில் இருக்கும் கலைக் கல்லூரிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். சென்னை, கும்பகோணம் இரண்டு ஊரிலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. காயலான் கடையில் கிலோவுக்கு என்ன தருகிறார்களோ அதை மாணவர்களே கூடிப் போட்டுக் கொடுத்துவிடுவோம். கைப்பிடி உடைந்திருந்தாலும் துருப்பிடித்திருந்தாலும் கவலையில்லை, உருளை மட்டும் வெடிக்காமல் இருந்தால் போதும். லாரி வாடகையைத்தான் கொஞ்சம் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
இல்லஸ்ட்ரேஷன் இறுதியாண்டு மாணவி,
சென்னை