மணல்மேட்டில் ஒரு ஆம்புலன்ஸ்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இப்போது தேவலை. போன வாரம் மூச்சுத் திணறியபோது நாற்காலியோடு மாடியிலிருந்து தூக்கி இறக்கினோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அண்ணன். பாகப்பிரிவினைக்குப் பிறகு எட்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை, உனக்குத்தான் தெரியுமே.

ஆஸ்பத்திரியில் கண்விழித்த ராத்திரிகளில் ‘ஐஸ் கோல்ட் இன் அலெக்ஸ்’ பார்த்தேன். 1958இல் ஜே. லீ தாம்சன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். நீயும் பார்க்க வேண்டும்.

1942, லிபியா. டோப்ரூக் நகரை ஜெர்மானியர் நெருங்கிவிட்டார்கள். குடியில் தளர்ந்துபோன பிரிட்டிஷ் கேப்டன் ஆன்சன், சார்ஜென்ட் மேஜர் பியூ, இரண்டு நர்ஸுகள், ‘கேட்டி’ என்று செல்லப்பெயர் வைத்த ஆஸ்டின் ஆம்புலன்ஸ். பாலைவனம் தாண்டி அலெக்சாண்ட்ரியா போக வேண்டும். தென்னாப்பிரிக்க அதிகாரி என்று சொல்லி வான் டெர் பூல் என்பவன் வழியில் சேர்ந்துகொள்கிறான். ஆண்டனி குவேல் நடித்திருக்கிறார். மலை மாதிரி ஆள். வண்டியைப் பழுதுபார்க்கும்போது ஜாக்கி சரிகிறது. வண்டியை முதுகில் தாங்குகிறான் வான் டெர் பூல்.

அவன் ஜெர்மன் ஒற்றன். கட்டாரா பள்ளத்தில், ரேடியோவோடு தனியே போனவன் புதைமணலில் மாட்டும்போது மற்றவர்களின் சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. ஆனாலும் இழுத்துக் காப்பாற்றுகிறார்கள்.

அப்புறம் அந்த மணல்மேடு. கேட்டியால் ஏற முடியவில்லை. பிளக்குகளைக் கழற்றி, ரிவர்ஸ் கியர் போட்டு, ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைக் கையால் சுற்றிச் சுற்றியே பின்பக்கமாக மேலேற்றுகிறார்கள். அங்குலம் அங்குலமாக. உச்சியை நெருங்கும்போது நர்ஸ் டயானா ஒரு கணம் அசந்துவிட, வண்டி அடிவாரம்வரை உருண்டு போகிறது. மூர்த்தி, எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மறுபடி அடியிலிருந்து சுற்றுகிறார்கள், ஒற்றனும் சேர்ந்துதான்.

கடைசியில் அலெக்சாண்ட்ரியாவில், போய்ச் சேர்ந்ததும் குடிப்பேன் என்று ஆன்சன் சொல்லிவந்த அந்தக் குளிர்ந்த பீர். எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். எனக்கு அதற்கு அடுத்ததுதான் பெரிது. ஒற்றனென்று பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள். அதனால் அவனை மிலிட்டரி போலீஸ் கொண்டுபோகுமுன் பியூ அவன் கழுத்திலிருந்த பொய் அடையாள வில்லையைப் பிடுங்கிவிடுகிறான். போர்க்கைதியாகவாவது உயிர் பிழைக்கட்டும் என்று. முதுகில் தாங்கியவனல்லவா!

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார் டாக்டர். மாடியேற்ற வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுவதாக அண்ணன் சொல்லியனுப்பியிருக்கிறான்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எழுது.

உன்,
சேது