"மறுகா?" என்று கேட்ட அக்காவுக்கு

தம்பி வீட்டுக்கு வந்து இன்று ஐந்தாம் நாள். இரவில் தூங்குகிறான். அம்மாவும் தூங்குகிறார். அவன் காணாமற்போனதும், பிறகு வைத்தியசாலையின் மனநல விடுதியில் இருந்ததும் ஊருக்கே தெரியும். அதை மறுபடி எழுதப்போவதில்லை. இந்த மடலைக்கூட அவனுக்கு வாசித்துக் காட்டி, அவன் சரி என்ற பிறகே வெளியிடுகிறேன்.

மட்டக்களப்பில் கல்லடியிலும் நாவலடிக் கரையிலும் விடியும்வரை டோர்ச்சோடு தேடிய தம்பிமார், காத்தான்குடியில் அவனை அடையாளம் கண்டு, தேநீர் கொடுத்து இருத்திவைத்த கடைக்கார நானா, கூலி வாங்க மறுத்த முச்சக்கர வண்டி அண்ணன், மருத்துவபீடத்தில் எனக்காகக் குறிப்பெழுதிவைத்த வகுப்புத் தோழர்கள், அதே வாரம் தொடங்கிய மனநலப் பயிற்சியில் அவன் இருந்த விடுதியிலிருந்து என்னை மாற்றிவிட்ட வைத்திய நிபுணர், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

விடுதிச் சிற்றூழியர் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான்கு நாளாகத் தம்பி யாரோடும் பேசவில்லை. தோற்றம், பேச்சு, மனநிலை, சிந்தனை, புலனுணர்வு என்று உளநிலைப் பரிசோதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பார்வையாளர் நேரத்தில் போய், கட்டிலருகே நின்றபடி, மனப்பாடம் செய்த அந்த ஒழுங்கிலேயே கேட்டேன். குரல் ஏதும் கேட்கிறதா? யாரும் உன்னைக் கண்காணிக்கிறார்களா? சொந்த அக்கா கேட்பதுபோலவே இருந்திருக்காது அவனுக்கு. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் போனபோது அந்த அக்கா அவனருகே அமர்ந்து, மடியில் பழைய பத்திரிகையை விரித்து, அவனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் அம்மா மந்திரித்துக் கட்டிய கறுப்பு நூல். அதை அவிழ்க்காமல், விரலால் மேலே ஒதுக்கிவிட்டு வெட்டினார். சுண்டுவிரலுக்கு வந்தபோது தம்பி வாய் திறந்தான்.

"ரேடியோவில் என்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள்."

அக்கா தலை நிமிரவில்லை. "மறுகா?" என்றார்.

'பிறகு' என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். மட்டக்களப்பாரைக் கண்டால் வெளியூரார் சொல்லிச் சிரிக்கும் சொல். அவன் இன்னொரு வசனம் சொன்னான். "மறுகா?" அடுத்த கையை எடுத்தார். பத்து விரலும் முடிவதற்குள், தூங்காத இரவுகளையெல்லாம் அவன் சொல்லிவிட்டான். அப்படி இல்லை என்று அவர் மறுத்துப் பேசவில்லை; ஆமாம் போடவும் இல்லை. பத்திரிகையை மடித்துக்கொண்டு எழுந்து, கடமையில் இருந்த வைத்தியரிடம் போய்ச் சொன்னார்.

மருந்துதான் அவனை மீட்டது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. சுகம் வந்துவிட்டதென்று தன்பாட்டில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்; நிறுத்த விடமாட்டேன். செய்வினை என்று நாங்கள் வீட்டில் கடத்திய வாரங்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை தூக்கமிழந்து தனக்குள் ஒடுங்கினால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926.

அக்கா, திங்கட்கிழமை பயிற்சிக்குத் திரும்புகிறேன். முதலில் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்வேன்; குறிப்புப் புத்தகம் பையிலேயே கிடக்கும். அம்மா உங்களுக்கென்று ஒரு சட்டி எருமைத் தயிர் எடுத்துவைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.