ஐந்நூறு சைக்கிளுக்குப் பின்விளக்கு: ஒரு நன்கொடை வேண்டுகோள்

வணக்கம்.

சென்னை அம்பத்தூர், கொரட்டூர், பாடி வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றாகச் சைக்கிள் ஓட்டும் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. எங்கள் குழுவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, பதிவு எண் கிடையாது. ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் வரிசையாகப் போவதை சி.டி.எச். சாலையில் (சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை) நீங்கள் பார்த்திருக்கலாம். 'காலங்காத்தால இதுங்களுக்கு வேற வேலை இல்ல' என்று நினைத்தும் இருக்கலாம். பரவாயில்லை. இப்போது கேட்கும் பணம் எங்கள் சைக்கிள்களுக்கு அல்ல.

விடியற்காலை ஐந்து மணிக்கு நாங்கள் கிளம்பும்போது சாலையில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். இரவுக் காவல் முடிந்து வீடு திரும்பும் வாட்ச்மேன்கள், பேப்பர் போடும் பையன்கள், கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு போகிறவர், அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அதாவது எஸ்டேட்டில், ஆறு மணி ஷிப்டுக்குப் போகும் தொழிலாளர்கள். இவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். நாலு பேர் தங்கும் அறைக்கு ஒரு பழைய சைக்கிள், ஷிப்ட் மாறும்போது அதுவும் கை மாறும். எங்கள் சைக்கிள்களில் முன்னால் ஒரு விளக்கு, பின்னால் சிமிட்டும் சிவப்பு விளக்கு, அது போதாதென்று முதுகில் பளபளக்கும் பட்டை. அவர்கள் சைக்கிளில் ஒன்றும் இருக்காது. மட்கார்டில் இருந்த சிவப்புக் கண்ணாடி எப்போதோ உடைந்து, அதைப் பிடித்திருந்த திருகு மட்டும் துருவேறி நிற்கும்.

போன மார்கழியில், பனி இறங்கியிருந்த ஒரு காலை, எங்களுக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பின்னாலிருந்து வந்த சரக்கு வண்டி இடித்துவிட்டுப் போனது. வண்டி நிற்கவில்லை. அவர் இரவுக் காவலாளி, அறுபதை நெருங்கியவர். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலைந்து பேர் சுற்றி நின்றிருந்தார்கள், தொடத்தான் யாருக்கும் தைரியமில்லை. 'போலீஸ் கேஸ் ஆயிடும் சார்' என்றார் ஒருவர். ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்கு வராது என்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லிக்கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 108-ஐ அழைத்தோம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. இடித்துவிட்டு ஓடிய வண்டி அடையாளம் தெரியாமல் போனால் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு தரும் மத்திய அரசுத் திட்டம் 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது. வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தாள்களைச் சேர்த்துக் கொடுக்க எங்களில் இரண்டு பேர் மூன்று வாரம் அலைந்தார்கள்.

ஆனால் இந்த வேண்டுகோளுக்குக் காரணம் அந்த அலைச்சல் இல்லை. கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்ன ஒரு வார்த்தை: 'வண்டிக்காரனைச் சொல்லி என்ன பண்றது தம்பி, இருட்டுல என்னைத் தெரிஞ்சிருக்காது.' வண்டிக்காரரை நாங்கள் மன்னிப்பதாக இல்லை. இடித்தவர் நின்றிருக்க வேண்டும். ஆனாலும் பெரியவர் சொன்னது நிஜம். அவர் பின்னால் நூறு ரூபாய்ச் சமாச்சாரம் ஒன்று சிவப்பாக மினுக்கியிருந்தால் அந்தக் கால் இன்று பெடலில் இருந்திருக்கும்.

அதனால்தான் இந்தத் திட்டம். அடுத்த பதினாறு ஞாயிற்றுக்கிழமைகளில், காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை, எஸ்டேட் உள்தெரு ஒன்றில் ஒரு டீக்கடை ஓரம் நடமாடும் பட்டறை போடப்போகிறோம். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் நிற்க வசதியான நேரம் அது. வரும் ஒவ்வொரு வேலைக்காரச் சைக்கிளுக்கும் பின்விளக்கு, சிவப்புப் பிரதிபலிப்பான், மட்கார்டிலும் செயின் கவரிலும் ஒளிரும் பட்டை, நான்கு புது பிரேக் கட்டை, மணி இல்லையென்றால் ஒரு மணி. அப்புறம் வீல் பெண்டு எடுப்பது, சக்கரத்துக்குள் இருக்கும் பால்ரஸ் குண்டுகளைப் பார்ப்பது, செயினுக்கு எண்ணெய். எல்லாம் இலவசம். மொத்தம் ஐந்நூறு சைக்கிள் என்று கணக்கு. அரசு தரும் விலையில்லாச் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் வரலாம்; மாலை டியூஷன் முடிந்து இருட்டில் திரும்புகிறவர்கள் அவர்களும்தான்.

எந்த விளக்கு என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் டைனமோதான் வேண்டும் என்றார். பேட்டரி வாங்கும் செலவில்லை, காலத்துக்கும் நிற்கும். சரி என்று ஒன்றைப் பூட்டி, பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்த ஒரு தொழிலாளியிடம் ஓட்டக் கொடுத்தோம். திரும்பி வந்து, 'மிதிக்க கனமா இருக்கு' என்று கழற்றச் சொல்லிவிட்டார். எங்களிடம் இருப்பதுபோல் கிளிப்பில் மாட்டிக் கழற்றும் விளக்கு? ஒரே வாரத்தில் திருடு போகும் என்று எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில், கேரியருக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கும் பேட்டரி விளக்கு என்று முடிவானது. ஸ்பானர் இல்லாமல் கழற்ற முடியாது. பேட்டரி தீர்ந்தால்? அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறோம். பேட்டரி தீர்ந்த நாளிலும் பட்டையும் பிரதிபலிப்பானும் பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட்டில் மின்னும். அவற்றுக்குப் பேட்டரிச் செலவே இல்லை.

நல்ல மனதோடு இரண்டு பேர் ஹெல்மெட் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், அவர்கள் மனம் கொஞ்சம் வருந்தியிருக்கும். ஹெல்மெட் நல்லதுதான், நாங்களே போடுகிறோம். ஆனால் ஒருவருக்கு ஹெல்மெட் வாங்கும் பணத்தில் இரண்டு மூன்று பேருக்குப் பின்விளக்கு போடலாம். அடிபட்ட பிறகு காப்பதைவிட, இடிக்காமல் பார்த்துக்கொள்வது முதலில். சித்திரை வெயிலில் அந்த ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

கொஞ்சம் ஊர்க்கதை. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது, அம்பத்தூரின் அடையாளமாகவே ஆனது. தொழிற்பேட்டை வந்தது 1964-ல். பஸ்ஸுக்கும் முன்னால் இந்த எஸ்டேட்டை நடத்தியது சைக்கிள்தான் என்று பழையவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ராத்திரி விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி வால்வு டியூபைப் பிடுங்கி வைத்துக்கொள்வாராம். காற்று இறங்கிவிடும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான். எங்கள் பொருளாளரின் அப்பாவுக்கு இரண்டு தடவை அது நடந்திருக்கிறது. இப்போது சைக்கிளை யாரும் நிறுத்துவதில்லை. ஏனென்றால் அதை யாரும் பார்ப்பதே இல்லை. புது சைக்கிள்களில் பிரதிபலிப்பான் இருந்தாக வேண்டும் என்று மத்திய அரசு 2020-ல் தரக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. நல்லது. ஆனால் நாலு கை மாறி வந்த சைக்கிளை எந்த ஆணை தேடி வரும்?

'இதையெல்லாம் அரசாங்கம் செய்யக்கூடாதா' என்று கேட்பவர்களுக்கு: கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனிக் கொள்கை என்று சென்னை மாநகராட்சி 2014-ல் ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதத்தை இவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நாங்கள் போகாத கூட்டம் இல்லை. 2022-ல் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் தொடங்கின அல்லவா, அதிலும் பேசியிருக்கிறோம். முதலில் கொள்கை, விதி, சதவீதம் என்று பேசினோம். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பிறகு ஒரு மழைநீர் வடிகால் கம்பி மூடி எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தது. சாலை ஓரத்தில் பதித்திருந்த அந்த மூடியின் கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே நீளமாக ஓடின. கம்பிகளுக்கு நடுவே சைக்கிள் டயர் தாராளமாக இறங்கும். எங்கள் உறுப்பினர் ஒருவர் அதில் விழுந்து முன்பல்லைப் பறிகொடுத்தார். புகார் கொடுத்தோம். ஒரு அலுவலகம் இது எங்கள் சாலை இல்லை என்றது. இன்னொன்று சாலை எங்களுடையது, மூடி எங்களுடையது இல்லை என்றது. நெடுஞ்சாலைக்கு ஒரு துறை, பஸ் போகும் சாலைக்கு மாநகராட்சியில் ஒரு பிரிவு, உள்தெருவுக்கு மண்டல அலுவலகம் என்று இருப்பதால் இப்படி அலைவது புதிதில்லை. மூன்று மாதம் ஓடியது. ஒருநாள் பழைய ஹெர்குலிஸ் ஒன்றைக் கொண்டுபோய் முன்சக்கரத்தை அந்த இடுக்கில் இறக்கிவிட்டுக் கையை எடுத்தோம். ஸ்டாண்டும் போடாமல், யாரும் பிடிக்காமல், சைக்கிள் நேராக நின்றது. அதைப் படம் பிடித்து, டயர் அகலத்தையும் இடுக்கின் அகலத்தையும் டேப்பால் அளந்து, தாளில் எழுதி, ஒரு இளம் பொறியாளரின் மேஜையில் வைத்தோம். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 'இது என் லிமிட் இல்ல, ஆனா விடுங்க' என்றார். பத்து நாளில் மூடியைத் திருப்பிக் குறுக்குவாட்டில் பதித்திருந்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வழி மாறியது. மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய்து 'தெருவிளக்கு எரியவில்லை' என்று மொட்டையாகச் சொல்வதில்லை. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துச் சொல்கிறோம். வேகத்தடைக்கு, சாலைத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். எங்கள் தெருவில் இருப்பது முழங்காலுக்கு வரும் திண்ணை என்று அளந்து காட்டுகிறோம். போக்குவரத்துக் காவலர் ஒருவர் இப்போது எங்களிடமே கேட்கிறார், எந்த வளைவில் இருட்டு அதிகம் என்று. பட்டறை போடும் இடத்தை அவரும் வார்டு உறுப்பினரும் பார்த்துவிட்டார்கள். 'ரோட்டை அடைக்காம பாத்துக்குங்க' என்பது மட்டும்தான் நிபந்தனை.

சாலையும் மூடியும் தெருவிளக்கும் அவர்கள் வேலை, அதை விடாமல் கேட்போம். கேரியருக்கு அடியில் ஒரு விளக்கு என்பது எந்தத் துறையின் பட்டியலிலும் இல்லை. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். பட்டியலில் இல்லாத வேலைகளைச் செய்ய யாராவது வேண்டும்.

இனி பணம். ஒரு சைக்கிளுக்கு விளக்கு 140 ரூபாய், பிரதிபலிப்பானும் பட்டையும் 60, பிரேக் கட்டைகள் 70, மணி 50, ஆக 320. ஐந்நூறுக்கு 1,60,000. பஞ்சர்க் கடை வைத்திருக்கும் இரண்டு மெக்கானிக் அண்ணன்கள் ஞாயிறு விடுமுறையை விட்டுக்கொடுத்து வருகிறார்கள். சும்மா வருவதாகத்தான் சொன்னார்கள், நாங்கள் ஒப்பவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 900 வீதம் பதினாறு வாரத்துக்கு 28,800. பெரிய பம்பு, சைக்கிளைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு, ஸ்பானர் செட், சாமான் வைக்கத் தள்ளுவண்டி, இதற்கு 45,000. தீரும் பேட்டரிகளுக்கு 16,200. கூட்டினால் 2,50,000 ரூபாய். உறுப்பினர்கள் போட்டது 68,000. இன்னும் 1,82,000 வேண்டும். தேநீர்ச் செலவு எங்கள் பாக்கெட்டிலிருந்து.

320 ரூபாய் கொடுத்தால் ஒரு சைக்கிள். ஒரு தெரு சேர்ந்து பத்து சைக்கிளை ஏற்கலாம். எஸ்டேட்டில் கம்பெனி நடத்துகிறவர்கள் தங்கள் தொழிலாளர்களின் சைக்கிள்களைக் கணக்கெடுத்து, அவற்றின் செலவை ஏற்றால் ரொம்ப உதவி. அந்தக் கம்பெனி வாசலுக்கே பட்டறையைக் கொண்டுவருகிறோம். பணம் இல்லாதவர்கள் மாடியில் துருப்பிடிக்கும் பழைய சைக்கிளைத் தரலாம், உதிரிபாகத்துக்கு ஆகும். இந்தி தெரிந்தவர்கள் இரண்டு ஞாயிறு வந்து நின்றால் போதும், அது எங்களுக்குப் பணத்தைவிடத் தட்டுப்பாடு.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க உதவும் 80ஜி சான்று எங்களால் தர முடியாது, முன்பே சொல்லிவிடுகிறோம். பணம் பொருளாளரும் இன்னொரு உறுப்பினரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டுக் கணக்கில் இருக்கும். ரசீதுப் புத்தகம் வைத்திருக்கும் உறுப்பினரிடம் மட்டும் கொடுங்கள். க்யூஆர் அட்டையும் அவரிடமே இருக்கும். வாட்ஸப்பில் வேறு எண் வந்தால் அது நாங்கள் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் எத்தனை சைக்கிள், எவ்வளவு செலவு என்று எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டுவோம். ஐந்நூறு முடிந்து பணம் மிஞ்சினால் பேட்டரிக்குப் போகும். குறைந்தால், வந்த பணத்துக்கு எத்தனை சைக்கிளோ அத்தனையோடு நிற்போம், கடன் வாங்க மாட்டோம்.

காவலாளிப் பெரியவர் கம்பு ஊன்றி நடக்கிறார். பழைய சைக்கிள் வளைந்துபோனதால், எங்களில் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த ஒன்றை ஓவராயில் செய்து வைத்திருக்கிறோம். முதல் விளக்கு அதில்தான் ஏறியிருக்கிறது. போன வாரம் பார்க்க வந்தவர், சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்து, செயின் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்றார். சரிசெய்துவிட்டோம்.

இப்படிக்கு,
சைக்கிள் குழுவினர்
அம்பத்தூர் – கொரட்டூர் – பாடி