ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதே

பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை - 21

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியை வீட்டில் சத்தமாக வாசித்தேன். எல்லோருக்கும் அவ்வளவு மகிழ்ச்சி. தாயும் சேயும் நலமாக இருக்க வடிவுடையம்மனை வேண்டிக்கொண்டதாகத் தங்கச்சியிடம் சொல்லச் சொன்னாள் என் மனைவி.

மற்ற சேதியெல்லாம் அப்புறம். கடைக் கணினி நீலத்திரை காட்டுகிறது, வந்து பார்த்த பையன் ஃபார்மட் அடித்து விண்டோஸ் 7-ஐப் புதிதாகப் போட்டுவிடலாம் என்கிறான் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதே. உன் பில் மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, அதை நிறுவும் சிடியும் இல்லை என்று நீயே சொல்கிறாய். அந்த நிலையில் ஹார்ட் டிஸ்க்கில் இன்று இருக்கும் விண்டோஸ்தான் அந்த மென்பொருளுக்கு இருக்கும் ஒரே வீடு. அதை அழித்துவிட்டால் உன் கணக்குக் கோப்புகள் பத்திரமாக இருந்தும் திறக்க வழி இருக்காது.

முதலில் ஒன்றைப் பார். பிரசவத்துக்காக ஊருக்குப் போனபோது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறாய். எனக்கு அங்கேதான் சந்தேகம். மதர்போர்டில் காசு போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளையும் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்துபோனால் பயாஸ் தன் பழைய இயல்புநிலைக்குத் திரும்பிவிடும். அப்போது டிஸ்க்கைப் படிக்கும் முறை ஐடிஇ-யில் இருந்து ஏஹெச்சிஐ-க்கோ, அதிலிருந்து இதற்கோ மாறிவிடலாம். விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அந்த முறைக்கான டிரைவரைத்தான் (டிஸ்க்கோடு பேச உதவும் சிறு மென்பொருள்) தொடங்கும்போது தேடும். அது பொருந்தவில்லை என்றால் நீலத்திரைதான், அதில் வரும் பிழை எண் 7பி என்று முடியும். பயாஸில் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் பேட்டரியை மாற்று, டிஸ்க் முறையை மற்றதற்கு மாற்றிப் பார். டிஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டாம்.

சரி, கணினி எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள். அன்றைக்கே முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுத்துவிடு, அதாவது உள்ளது உள்ளபடி ஒரே நகலாக. இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நாம் இருவரும் மேட்டர் அடிக்கக் கற்றுக்கொண்ட அச்சகத்துக் கணினியைப் போன மாதம் காப்பாற்றியாகிவிட்டது. பெரியவர் இப்போது கடைக்கு அதிகம் வருவதில்லை, மகன்தான் பார்த்துக்கொள்கிறான். அந்த விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் அதே மூலையில் இன்னும் ஓடுகிறது. காசிமேட்டு மீனவர் சங்க நோட்டீஸ், திருவொற்றியூர்த் திருவிழா அழைப்பிதழ், பேட்டைக்காரர்களின் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக அதில் கிடக்கின்றன. ஒரு வீட்டில் மூன்று தலைமுறைக்கும் நாம் அடித்த பத்திரிகை அதில் இருக்கிறது.

கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மெஷினை எடைக்குப் போட்டுவிடலாமா என்று பெரியவரின் மகன் கேட்டான். அவன் காலத்தில் எல்லாம் யூனிகோட், எந்த எழுத்துருவிலும் எழுத்து மாறாது, அதனால் அப்படித் தோன்றியிருக்கிறது. நமக்குத் தெரியும், அன்றைக்கு எழுத்துரு மாறினால் எழுத்தே மாறிவிடும். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று எழுத்துருக் குறியீட்டுக்குத் தரம் வகுத்த பிறகும் ஒவ்வொரு அச்சகமும் தன்னிடம் இருந்த எழுத்துருவில்தான் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். நம் தமிழ் மென்பொருளோ, திருட்டுப் பிரதியைத் தடுக்க அதோடு வந்த பூட்டை (டாங்கிள்) பிரிண்டர் போர்ட்டில் செருகினால்தான் திறக்கும். இன்றைய கணினிகளில் அந்த போர்ட்டே கிடையாது.

சி டிரைவை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி செய்தாலும் அது பூட் ஆகாது, அதாவது அதிலிருந்து விண்டோஸ் எழாது. பூட் செக்டரும் பார்ட்டிஷன் அட்டவணையும் கோப்புகளாக இருப்பவை அல்ல, டிஸ்க்கின் தொடக்கத்தில் தனியாக எழுதப்பட்டவை. விண்டோஸ் ஓடும்போது அதன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி கோப்புகளும் பூட்டிக்கிடக்கும், நகல் எடுக்க விடாது. அதனால் விண்டோஸை முழுதாக நிறுத்திவிட்டு வெளியிலிருந்து எடுக்க வேண்டும். குளோன்ஜில்லா என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே பூட் செய்தால் டிஸ்க் முழுவதையும் இமேஜாக எடுத்துவிடும். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் முறை) டிஸ்க்கில் பயன்பட்ட பகுதியை மட்டும் சுருக்கி எடுப்பதால் இடமும் குறைவு. திரும்ப இறக்கும் டிஸ்க் மட்டும் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். உன் கணினியின் பிராசஸர் 32 பிட் என்றால் 32 பிட்டுக்கான வெளியீட்டைத்தான் தேடி எடுக்க வேண்டும், மற்றது ஓடாது.

அச்சகத்து டிஸ்க் கொஞ்சம் முரண்டு பிடித்தது. சத்தம் கேட்டதுமே நிறுத்திவிட்டேன். உடம்பு சரியில்லாத டிஸ்க்கில் செக்டிஸ்க் (டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவி) ஓட்டவே கூடாது, மிச்சம் இருப்பதையும் அது சிதைத்துவிடலாம். டிஸ்க்கைக் கழற்றி, பழைய ஐடிஇ கேபிள் இணைப்பை யூஎஸ்பி ஆக்கும் அடாப்டர் போட்டு, என் லேப்டாப்பில் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற டிஸ்க் மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். அதன் வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். நன்றாகப் படிக்க வரும் பகுதியை முதலில் வேகமாக எடுத்து வைத்துக்கொள்ளும், பழுதான இடங்களுக்குப் பிறகுதான் திரும்பிப் போகும். எதுவரை படித்தது என்று ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே வருவதால் பாதியில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தத் தெருவில் கரண்ட் போவது உனக்குத் தெரியாததா?

பல பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் நிறுத்தவில்லை, நீயும் நிறுத்தாதே. இமேஜை வேறு டிஸ்க்கில் இறக்கி, அதைக் கணினியில் மாட்டி, பூட் ஆகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஐடிஇ டிஸ்க் புதிதாகக் கிடைப்பதில்லை, பழையதை வாங்கினால் அதற்கும் இதே வயதுதான். அதனால் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை ஐடிஇ மாற்றியோடு போட்டோம். பழைய பயாஸ் பலவற்றுக்கு 137 ஜிபிக்கு மேல் கண் தெரியாது, அதற்காகத்தான் சின்னதாக. எக்ஸ்பி எழுந்து, பேஜ்மேக்கர் திறந்து, 2006இல் அடித்த ஒரு பத்திரிகை எழுத்துப் பிசகாமல் வந்தபோது பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதை ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

அச்சகத்துக் கணினியின் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கியாகிவிட்டது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடும், உன் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும் பாதுகாப்பு நின்றுவிட்டது. உனக்கு நெட் தேவை என்றால் அதற்கு வேறு கணினி வைத்துக்கொள். இமேஜ் இருக்கும் டிஸ்க்கையும் கணினியிலேயே செருகி வைக்காதே. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும்.

இங்கே இரண்டு பிரதி எடுத்திருக்கிறோம். ஒன்று அச்சகத்துப் பரணில், இன்னொன்று என் வீட்டு மாடியில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் தரைத்தளத்துக் கடைகள் பட்ட பாடு நினைவிருக்கும் யாரும் ஒரே இடத்தில் இரண்டையும் வைக்க மாட்டார்கள். உன் ஊரில் வெள்ளம் வராது, ஆனாலும் ஒன்றை வீட்டில் வை.

பேட்டரி மாற்றியும் நீலத்திரை போகவில்லை என்றால் அதைத் தெளிவாகப் படம் பிடித்து அனுப்பு. வீட்டில் யாரும் அதற்குள் ரிப்பேர் சிடி எதையும் போட வேண்டாம். தை மாதம் பேத்தியைப் பார்க்க நாங்கள் வரும்போது அடாப்டரையும் ஒரு காலி டிஸ்க்கையும் எடுத்து வருகிறேன், உட்கார்ந்து முடித்துவிடலாம்.

அன்புடன்,
உன் பேட்டை நண்பன்