எவரெட் ஓடியது புதையலுக்காக அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் சாலைப் பயணக் காதல் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நல்ல கட்டுரை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கிரேக்கப் புராணத்திலிருந்து பிறந்த படங்கள் என்ற பகுதியில் கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' (2000) படத்தைப் பாட்டும் நகைச்சுவையும் நிறைந்த ஜெயில் ஓட்டப் படம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, காதல் படங்களோடு சேர்க்காமலே விட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பகுதியில் முதலில் வர வேண்டியதே அந்தப் படம்தான்.

கதை 1937-ல் மிசிசிப்பியில் நடக்கிறது. ஒரே சங்கிலியில் பிணைத்த மூன்று கைதிகள் தப்பி ஓடுகிறார்கள். 12 லட்சம் டாலரை ஓரிடத்தில் புதைத்து வைத்திருக்கிறேன், அணைத் தண்ணீர் அந்தப் பள்ளத்தாக்கை மூழ்கடிப்பதற்குள் போய் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் எவரெட் (ஜார்ஜ் க்ளூனி) மற்ற இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வருகிறான். பாதிப் படத்துக்கு மேல் ஓடிய பிறகுதான் புதையலே கிடையாது என்று தெரிகிறது. அவன் உள்ளே போனது லைசென்ஸ் இல்லாமல் வக்கீல் தொழில் பார்த்ததற்காக. மனைவி பென்னி இன்னொருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று தெரிந்ததும் எப்படியாவது அதைத் தடுக்க வேண்டும், ஆனால் காலில் சங்கிலி, கூடப் பிணைத்திருப்பவர்களும் ஓடி வந்தால்தான் இவன் ஓட முடியும், அதற்காகச் சொன்ன பொய்தான் புதையல். கூட ஓடி வந்த இருவரில் ஒருவனான பீட்டுக்குத் தண்டனை முடிய இரண்டே வாரம்தான் பாக்கி இருந்தது. தப்பிய குற்றமும் சேர்ந்து இனி 1987 வரை உள்ளே கிடக்க வேண்டும் என்று அவன் கணக்குப் போட்டுக் கத்தும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் ஒருத்தன் மனைவியிடம் போய்ச் சேர இன்னொருத்தனின் ஆயுளையே அடகு வைத்திருக்கிறான் என்பதும் அங்கேதான் உறைக்கிறது. இது காதல் கதை இல்லை என்றால் வேறு எது?

படத்தின் மூலக்கதையான கிரேக்கக் கவிஞர் ஹோமரின் 'ஒடிசி' காவியமும் அப்படித்தான். ட்ராய் போர் முடிந்து அதன் நாயகன் ஒடிசியஸ் வீடு திரும்பப் பத்து வருடம் ஆனது என்றதும் எல்லாருக்கும் ஒற்றைக்கண் அரக்கனும் பாடி மயக்கும் பெண்களும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அந்தப் பத்தில் ஏழு வருடம் அவன் கலிப்சோ என்ற தேவதையின் தீவிலேயே கிடந்தான். இங்கேயே இருந்துவிடு, சாவே இல்லாத வாழ்வு தருகிறேன் என்கிறாள் அவள். என் மனைவி அழகில் உனக்குக் கீழேதான், அவளுக்கு மூப்பும் உண்டு சாவும் உண்டு, ஆனாலும் எனக்கு வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று அவன் அவளிடமே சொல்கிறான். அத்தனை தூரம் கடந்து வந்தவனை மனைவி பெனலோப்பி உடனே நம்பிவிடுவதில்லை. நம் கட்டிலைத் தூக்கி அறைக்கு வெளியே போட்டு இவருக்குப் படுக்கை விரி என்று வேலைக்காரக் கிழவியிடம் சாதாரணமாகச் சொல்கிறாள். அவனுக்கு வருகிறதே கோபம்! அந்தக் கட்டிலின் ஒரு கால் தரையில் வேரூன்றி நிற்கும் ஒலிவ மரம், அவனே செதுக்கியது, அதை யார் நகர்த்த முடியும்? அந்தக் கோபத்தைப் பார்த்த பிறகுதான் அவள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள்.

கோயன்கள் இந்தக் கட்டிலை மோதிரமாக மாற்றிவிட்டார்கள். பழைய வீட்டு மேஜையில் இருக்கும் என் கல்யாண மோதிரம் வந்தால்தான் கல்யாணம் என்கிறாள் பென்னி (ஹாலி ஹன்டர்). தூக்குக் கயிறு, வெள்ளம் எல்லாவற்றிலும் தப்பி எவரெட் கொண்டு வந்து நீட்டுகிறான். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது என்னுடையது இல்லை என்கிறாள். அவளுடைய மோதிரமோ இப்போது ஏரியின் அடியில். அதனால் என்ன, போய் எடுத்து வா என்கிறாள், ஒரே கயிற்றைப் பிடித்தபடி மகள்கள் பின்னால் நடந்து வர, இருவரும் சண்டை போட்டுக்கொண்டே தெருவில் போகிறார்கள். ஹோமரிலும் முடிவு அப்படித்தானே இருக்கிறது! சேர்ந்த அன்று ராத்திரியே, நான் இன்னும் ஒரு பயணம் போயாக வேண்டும் என்று ஒடிசியஸ் சொல்கிறான். அது என்னவென்று இப்போதே சொல் என்று பெனலோப்பி கேட்கிறாள், கடலையே அறியாத ஊர்வரைக்கும் துடுப்பைத் தோளில் சுமந்து நடக்க வேண்டும் என்கிறான் அவன்.

பென்னி காத்திருக்கவில்லையே, அப்பாவை ரயில் அடித்துவிட்டது என்று பிள்ளைகளிடம் பொய் சொன்னவள்தானே என்று சிலர் சொல்லக்கூடும். பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் அத்தனை பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவள் வேறென்ன செய்வாள்? பெனலோப்பியும்கூட வில்லை வளைத்து ஜெயிப்பவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அறிவித்தவள்தான்.

கட்டுரையாளர், கிரேக்க இயக்குநர் ஆஞ்சலோபுலோஸின் 'யுலிசஸ் கேஸ்' (1995; யுலிசஸ் என்பது ஒடிசியஸின் இன்னொரு பெயர்) படத்தைத் தூக்கிப் பிடித்ததில் எனக்கு மறுப்பில்லை, டான்யூப் நதியில் உடைந்த லெனின் சிலை படகில் போகும் காட்சி ஒன்றே போதும். ஆனால் அதில் வழியில் வரும் பெண்களாகவெல்லாம் ஒரே நடிகைதான் வருகிறார். நாயகனை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க அங்கே ஒரு பெனலோப்பி இல்லை.

இந்தத் தொடர் இன்னும் வரப்போகிறது என்று போட்டிருந்தீர்கள். ஒடிசி பற்றி மறுபடி எழுதுவதாக இருந்தால், தயவுசெய்து பெனலோப்பியின் பக்கத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள், அந்தக் கட்டில் காட்சி வரும் 23-ஆம் பகுதியிலிருந்து இரண்டு பக்கமாவது தமிழில் போடுங்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி